சிங்கப்பூர் டிக்கெட் போடும் முன் பிள்ளைகளுக்குக் கணக்கைக் காட்டுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

பரீட்சை முடியும் நேரம் வந்தாலே எனக்கு மூன்று நான்கு போன் வரும். "டீச்சர், லீவுக்குக் குடும்பத்தோட சிங்கப்பூர் போலாம்னு இருக்கோம், எவ்வளவு ஆகும்?" என்று. என்னிடம் படித்தவர்களில் நிறையப் பேர் அங்கே இருப்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. கணக்கு டீச்சர் வேறு. கேட்கட்டும், சந்தோஷம்தான். ஆனால் நான் திருப்பிக் கேட்கும் கேள்விதான் யாருக்கும் பிடிப்பதில்லை. "பிள்ளைகளிடம் கணக்கைச் சொன்னாயா?" என்று கேட்பேன். "அதுங்ககிட்ட எதுக்கு டீச்சர்? சர்ப்ரைஸா வெச்சிருக்கோம்" என்பார்கள்.

நான் வேண்டாம் என்பது அந்த சர்ப்ரைஸைத்தான். வீட்டில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை இருந்தால், வெளிநாட்டுப் பயணத்துக்கான கணக்கை அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் போட வேண்டும். கையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இல்லை என்பது உட்பட.

முதலில் ஒரு சின்ன விஷயம். பிள்ளை நமக்குத்தான் பிள்ளை. விமானக் கம்பெனிக்கு 12 வயது முடிந்துவிட்டால் பெரிய ஆள், முழு டிக்கெட். சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோவில் 13 வயதிலிருந்து பெரியவர் கட்டணம். ஐரோப்பா போகிறவர்களுக்கு ஷெங்கன் விசாவும் அப்படித்தான்: 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயதிலிருந்து 12 வயதுக்குள் என்றால் 45. ஹோட்டலில் நாலு பேரும் ஒரே அறையில் படுத்துக்கொள்கிறோம் என்றால், மீசை அரும்பிய பையனைப் பார்த்துவிட்டு இரண்டு அறை எடுங்கள் என்பார்கள். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பதினான்கு வயதுப் பையன் அப்பாவை விட ஒரு பிடி அதிகமாகவே சாப்பிடுவான். ஆக, நாலு பெரியவர் செலவு இது. "ரெண்டு பெரியவங்க, ரெண்டு பசங்க" என்று விளம்பரத்தைப் பார்த்து மனக்கணக்குப் போடுகிறவர்கள் அங்கேயே தவறிவிடுகிறார்கள்.

இனி நடந்த ஒரு கதை. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம். என்னிடம் பத்தாவது படித்தவன். இப்போது திருச்சியில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறான். மனைவி தனியார் பள்ளியில் வேலை. இரண்டு சம்பளமும் சேர்ந்து 62,000. 2024 ஜனவரியில் வீட்டுக்கு வந்தான். மகள் அப்போது ஒன்பதாவது, மகன் ஏழாவது. மே மாதம் சிங்கப்பூர், ஐந்து இரவு. வங்கியிலிருந்து "உங்களுக்கு 3 லட்சம் தனிநபர் கடன் தயார்" என்று மெசேஜ் வந்திருக்கிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டான்.

பழைய பழக்கம், ஒரு தாளை எடுத்தேன். திருச்சியிலிருந்து நேரடி விமானம், மே மாத விலையில் ஆளுக்கு 24,000 வீதம் 96,000. விசா ஏஜென்ட் கூலியோடு 12,000. இரண்டு அறை, ஐந்து இரவு, 75,000. சாப்பாடு ஆளுக்கு நாளைக்கு 25 வெள்ளி. அன்று வெள்ளி 62 ரூபாய், 31,000. ரயில், பஸ் 9,000. யூனிவர்சலும் மற்ற நுழைவுச் சீட்டுகளும் 25,000. பாஸ்போர்ட், இன்சூரன்ஸ், போன் டேட்டா 13,000. ஊருக்கு வாங்கி வருவது 20,000. கூட்டினால் 2,81,000. அவசரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 3,09,000.

அடுத்து கடன். 3 லட்சம், 14 சதவீதம், 36 மாதம். தவணை மாதம் 10,250 சொச்சம். மொத்தம் கட்டுவது 3,69,000. அந்த 69,000 வட்டியைக் கூட விடுங்கள். நான் அவனுக்குக் காட்டியது தேதியை. கடைசித் தவணை 2027 கோடையில் வருகிறது. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரியில் சேர நிற்கும் நேரம். பத்தாவது, பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று செலவு கூடிக்கொண்டே போகும் மூன்று வருடமும், சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு ஐந்து நாள் பயணத்துக்காகப் போய்க்கொண்டே இருக்கும். வண்டிக்கோ வீட்டுக்கோ வாங்கிய கடனென்றால் பொருளாவது கண் முன்னே நிற்கும்.

"பசங்க ஆசைப்பட்டுட்டாங்க டீச்சர். இல்லேன்னு எப்படிச் சொல்றது?" என்றான்.

இல்லை என்று சொல்ல வேண்டாம், இந்தத் தாளை அப்படியே கொண்டுபோய்க் காட்டு என்றேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பிள்ளைகளிடம் பணக் கஷ்டம் பேசக்கூடாது, மனசு உடைந்துவிடும் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். எங்கள் சொந்தத்திலேயே பல பேர் இதில் என்னோடு சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும்.

முப்பத்தி நாலு வருடம் வகுப்பறையில் நின்றவள் என்பதால் சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் சுற்றுலாவுக்குப் பெற்றோர் கையெழுத்து வாங்கும் தாள் கொடுப்போம். ஊட்டியோ கொடைக்கானலோ, சில நூறு ரூபாய் கட்டணம். மறுநாளே நாலைந்து பிள்ளைகள் தாளைத் திருப்பிக் கொடுக்கும். "எனக்கு பஸ் ஒத்துக்காது டீச்சர், வாந்தி வரும்." "பாட்டிக்கு உடம்பு சரியில்ல டீச்சர்." பிறகு பெற்றோர் கூட்டத்தில் அம்மாவிடம் கேட்டால், அப்படி ஒரு தாள் வீட்டுக்கே வந்திருக்காது. கேட்டால் அம்மா எங்கேயாவது கைமாற்று வாங்குவாள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். நாம் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதையெல்லாம் அது காதில் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. தெரியாதது தொகை மட்டும். தொகை தெரியாத பிள்ளை இரண்டில் ஒன்று நினைக்கும்: வீட்டில் நிறைய இருக்கிறது என்றோ, ஒன்றுமே இல்லை என்றோ. இரண்டுமே பெரும்பாலும் உண்மை இல்லை. பஸ் ஒத்துக்கொள்ளாத அந்தப் பிள்ளைகளில் சில பேருடைய வீட்டில் அந்தச் சில நூறு ரூபாய் இருந்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கணக்கைக் காட்டுவது வேறு, குத்திக் காட்டுவது வேறு. "உனக்காகத்தான் இவ்வளவு கஷ்டப்படுறோம், நீ மார்க்கைப் பாரு" என்று அந்தத் தாளைப் பிள்ளையின் முகத்தில் வீசுகிறவர்கள் தயவுசெய்து காட்டவே வேண்டாம். சர்ப்ரைஸே மேல்.

அவன் காட்டினான். அன்றிரவு மகன் சாப்பிடாமல் படுத்துவிட்டானாம். மகள் ஒன்றும் பேசவில்லையாம். மூன்றாவது நாள் அவள்தான் ஒரு நோட்டோடு வந்திருக்கிறாள். "ஏன்ப்பா மே மாசம்? எல்லாரும் போற மாசத்துல போனா விலை ஏறத்தானே செய்யும்?" காலாண்டு விடுமுறையில் பார்த்தால் அதே விமானம் 16,000. நாலு டிக்கெட்டில் 32,000 மிச்சம். இரண்டு அறைக்குப் பதில் நாலு கட்டில் போட்ட குடும்ப அறை ஒன்று, இரவுக்கு 10,000. அங்கே 25,000 மிச்சம். யூனிவர்சலை வெட்டலாம் என்று அவள் சொன்னபோது வீட்டில் போர். தம்பி விடவே இல்லை. கடைசியில் அப்பாவும் மகனும் மட்டும் அங்கே போவது, அம்மாவும் மகளும் அன்று லிட்டில் இந்தியா சுற்றுவது என்று முடிவு. அதில் ஒரு 10,000. ஊருக்கு வாங்கி வரும் சாமானில் பாதியை அம்மாவே அடித்துவிட்டாள். எல்லாம் கழித்து, அவசரத்துக்கும் சேர்த்து, 2,24,400.

அதற்கும் கடன் வாங்கவில்லை. வங்கிக்குக் கட்ட இருந்த தவணையைத் தங்களுக்கே கட்டிக்கொண்டார்கள். மாதம் 10,000, ரெக்கரிங் டெபாசிட். மகள் பத்தாவது பரீட்சை எழுதி முடித்து, பிளஸ் ஒன் காலாண்டு விடுமுறையில், 2025 செப்டம்பர் கடைசியில் போனார்கள். இருபது மாதம் காத்திருந்தார்கள். அதற்குள் வெள்ளி 62-லிருந்து 68 ஆகிவிட்டது. காத்திருந்ததில் இந்த நஷ்டமும் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பத்து சதவீதத்தில் நல்ல பங்கு இதிலேயே போனது. ஆன மொத்தச் செலவு 2,19,000.

அங்கே போய் ஆளுக்கு 50 வெள்ளி பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறார்கள், ஐந்து நாளுக்கு. பையன் யூனிவர்சலில் ஒரே டி-சர்ட்டுக்கு 38 வெள்ளியைக் கொட்டிவிட்டான். அப்பா இன்னும் 20 கொடுக்கக் கையை நீட்ட, மனைவி தடுத்துவிட்டாளாம். நல்ல வேலை செய்தாள். அக்காவிடம் 10 வெள்ளி கடன் வாங்கி, தீபாவளிக் காசில் வட்டியோடு திருப்பியிருக்கிறான். எவ்வளவு வட்டி என்று நான் கேட்கவில்லை. என் மாணவனின் மகள், குறைவாக இருந்திருக்காது.

இனி, போகிறவர்களுக்குச் சில்லறை விஷயங்கள், கையில் வந்தபடி சொல்கிறேன்.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். மைனர் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும், அல்லது 18 வயது வரை, எது முதலில் வருகிறதோ அது. சிங்கப்பூருக்கு ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். அங்கே இறங்க நிரப்பும் எஸ்ஜி அரைவல் கார்டு அரசாங்கத் தளத்தில் இலவசம். காசு கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள்.

டூர் கம்பெனியில் பேக்கேஜ் எடுத்தால் டிசிஎஸ் என்று ஒரு தொகை சேர்ப்பார்கள். 2023 அக்டோபரில் 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 என்று வைத்தார்கள். 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 10 லட்சம் ஆனது. பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும் சமாச்சாரம், பணம் கட்டும் அன்று என்ன விகிதம் என்று கேளுங்கள். இது போய்ச்சேரும் காசு இல்லை. உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம். வரி வரம்புக்குள் வராதவர்கள் தாக்கல் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள், அதுதான் வயிறு எரிகிறது.

கார்டைத் தேய்த்தால் பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும், அதன்மேல் ஜிஎஸ்டி. கடைக்காரர் மெஷினில் "ரூபாயா, வெள்ளியா?" என்று கேட்டால் வெள்ளி என்றே அமுக்குங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை.

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், வீட்டிலிருந்து ஆளுக்கொரு பாட்டில் எடுத்துப் போனால் போதும். சாப்பாட்டுக்கு ஹாக்கர் சென்டர்; லிட்டில் இந்தியாவில் தேக்கா இருக்கிறது, நம் நாக்குக்குப் பிரச்சினை இல்லை. கார்டன்ஸ் பை தி பேயில் அந்த ராட்சத மரங்களின் இரவு விளக்குக் காட்சிக்கு டிக்கெட் கிடையாது. என் மாணவனின் குடும்பம் இரண்டு இரவு அங்கேயே உட்கார்ந்திருந்தது.

சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் ஹோட்டல் செலவு பூஜ்யம் என்று எழுதாதீர்கள். அங்கே வீடுகள் சின்னவை. நாலு பேர் ஐந்து நாள் போய் இறங்கினால் அந்த வீட்டுப் பெண் லீவு போட வேண்டும், அவர்கள் பிள்ளை ஹாலில் படுக்க வேண்டும். இரண்டு இரவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு வேளையாவது அவர்களை வெளியே அழைத்துப் போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள், அதையும் கணக்கில் எழுதுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் பிள்ளைகள் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள், நான் சொல்கிறேன்.

இரண்டு லட்சமும் முடியாது என்கிறவர்களுக்கு: கடல் தாண்டினால் எல்லாம் வெளிநாடுதான். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கியது, நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், தேதி பார்த்துப் போங்கள். 1981-ல் எரிந்து மறுபடி எழுந்த யாழ்ப்பாண நூலகத்தின் வாசலில் வளர்ந்த பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். ரோலர் கோஸ்டர் அங்கே கிடையாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வார்த்தை. வரும் விடுமுறைக்கு மலேசியா என்று மூன்று வாரமாகப் பேச்சு ஓடுகிறது, இதுவரை ஹோட்டல் நீச்சல்குளத்தின் படம்தான் ஏழு வந்திருக்கிறது. 12 வயது முடிந்தவர்கள் எத்தனை பேர், யார் யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். பிள்ளைகளையும் குழுவில் சேர்த்துவிட்டு அனுப்புங்கள்.