கிலோவுக்கு ஆறு கிலோமீட்டர்

"மின்சார வண்டிக்கு ஏதுங்க புகை?" என்று கேட்பவர்கள் ஒருமுறை மந்தாரக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அண்ணாந்து பார்க்கலாம். அந்த வண்டிகளின் சைலன்சர் இங்கேதான் நிற்கிறது, வானத்தைப் பார்த்தபடி.

நெய்வேலியில் வளர்ந்த எனக்கு, எஸ்யூவி விளம்பரங்களில் வரும் பச்சை இலைப் படத்தைப் பார்த்தால் சிரிப்பு வருவதில்லை, கோபம்தான் வருகிறது. இந்தக் கோபம் வண்டி வாங்குகிறவர்கள் மேல் இல்லை. அந்த இலையை ஒட்ட இடம்கொடுத்த விதியின் மேல்.

விதி என்னவென்று முதலில் பார்ப்போம். ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் வகுத்ததைச் சுருக்கமாக 'கஃபே' என்கிறார்கள். ஒரு கார் நிறுவனம் ஓர் ஆண்டில் விற்கும் எல்லா வண்டிகளின் சராசரிப் புகையும் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். 2017 ஏப்ரலில் கிலோமீட்டருக்கு 130 கிராம் கரியமில வாயு என்று ஆரம்பித்தது, 2022 ஏப்ரலில் 113 கிராமாக இறுகியது. காகிதத்தில் நல்ல விதி.

இதே காலத்தில் காடுமேடு ஏறும் வண்டிகளுக்கு என்ன ஆனது? மஹிந்திரா முதலில் பூட்டி விற்ற வில்லீஸ் ஜீப்பின் இன்ஜின் 60 குதிரைத்திறன். 2010-இல் வந்த தாரில் எளிய வகைக்கு 63, பெரிய வகைக்கு 105. 2020-இல் வந்த புதிய தாரின் பெட்ரோல் இன்ஜின் 150. 2024-இல் தார் ராக்ஸ் 177 வரை போனது. 2025-இல் வந்த டாடா ஹேரியர் மின்வண்டியின் நாலு சக்கர வகைக்கு 396. விதி இறுக இறுக வண்டி கொழுத்திருக்கிறது.

"மலையேற, சேறு தாண்ட பவர் வேணாமா?" என்பார்கள். சேற்றில் வேண்டியது குதிரைத்திறன் இல்லை, சக்கரத்தில் டார்க். லோ ரேஞ்ச் கியர் போட்டால் சின்ன இன்ஜினின் இழுவையே பல மடங்காகிவிடும். வில்லீஸ் ஒரு உலகப்போரை அந்த அறுபதிலேயே ஓட்டி முடித்தது. பண்ருட்டித் தோப்புக்குள்ளிருந்து பலாப்பழம் ஏற்றிக்கொண்டு மேடேறும் பொலேரோ பிக்கப்புக்கு இன்றும் சுமார் 75-தான். மாருதி ஜிம்னி 105 குதிரைத்திறனோடும் 1,200 கிலோ எடையோடும் தார் போகிற பெரும்பாலான இடங்களுக்குப் போய்வரும். மிச்ச நூறும் இருநூறும் எதற்கு? இரண்டு டன் இரும்பைப் பீரோ மாதிரி நிமிர்த்திவைத்து, நாற்கரச் சாலையில் காற்றைக் கிழித்துக்கொண்டு முந்திப்போவதற்கு. இதற்குச் சாட்சி கம்பெனியே தருகிறது: 2023 ஜனவரியில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தார் வந்தது. தோற்றம் போதும், நாலு சக்கரமும் இழுக்கத் தேவையில்லை என்கிற ஆட்கள் இருப்பதால்தான் அது வந்தது. அது அவரவர் ஆசை. அந்த ஆசைக்குச் சட்டம் எப்படி வழிவிட்டது என்பதுதான் என் கேள்வி.

மூன்று வழிகள். முதலாவது, சோதனை. டர்போவும் நேரடி எரிபொருள் ஊசியும் வந்தபின் அதே எரிபொருளில் கூடுதல் சக்தி கிடைத்தது. அந்த ஆதாயத்தைச் சிக்கனமாகவும் எடுக்கலாம், வேகமாகவும் எடுக்கலாம். நமது சோதனை ஓட்டம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது. ஆய்வகத்தில் டர்போ இன்ஜின் பூனை மாதிரி குடிக்கும். ரோட்டில் மிதித்தால் எவ்வளவு குடிக்கும் என்பது ரெக்கார்டில் ஏறாது.

இரண்டாவது, எடை. நிறுவனம் விற்கும் வண்டிகளின் சராசரி எடை கூடினால் அதற்கான வரம்பும் தளரும். குண்டு வண்டி விற்பவருக்கு விட்டுக்கொடுப்பு, ஒல்லி வண்டி விற்பவருக்குக் கெடுபிடி. 2025 செப்டம்பரில் வந்த அடுத்த கட்ட வரைவில் 909 கிலோவுக்கு உட்பட்ட சின்ன பெட்ரோல் கார்களுக்கு 3 கிராம் சலுகை தரலாம் என்றதும் பெரிய நிறுவனங்களுக்குள் சண்டை மூண்டது. அந்த மூன்று கிராமுக்கு இத்தனை கூச்சல். எடை கூடினால் வரம்பு தளரும் ஏற்பாட்டையே எடுத்துவிடலாம் என்று அங்கே யாரும் உரக்கச் சொல்லவில்லை.

மூன்றாவதுதான் எங்கள் ஊருக்கு வருவது. சராசரி போடும்போது ஒரு மின்வண்டியை மூன்றாக எண்ணிக்கொள்ளலாம். ஒன்றை விற்று மூன்றாகக் காட்டினால், கிடைக்கும் இடைவெளியில் டீசல் எஸ்யூவிகள் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும். அந்த மின்வண்டிக்கு மின்சாரம் பிறந்த இடத்துப் புகையோ கணக்கிலேயே கிடையாது.

நெய்வேலிக் கணக்கில் பார்ப்போம். பழுப்பு நிலக்கரியில் பாதிக்குப் பாதி ஈரம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எரிய வேண்டும். ஹேரியரின் பாட்டரி 75 யூனிட். ஒரு முழு சார்ஜில் நிஜ ரோட்டில் 450 கிலோமீட்டர் ஓடும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மைலேஜ் எவ்வளவு? கிலோவுக்கு ஆறு கிலோமீட்டர். யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் கரியமில வாயு என்பதால், கிலோமீட்டருக்குக் குறைந்தது 165 கிராம். வரம்பு 113. இதோடு முடியவில்லை. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மேல்மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும். சுரங்கத்தின் அடியிலிருந்து நிலத்தடி நீர் பொங்கி மேலே வராமல் இருக்க இரவும் பகலும் பம்ப் ஓட வேண்டும்.

"எல்லா மின்சாரமும் நெய்வேலியிலிருந்தா வருது?" நியாயமான கேள்வி. நாட்டுச் சராசரியில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. அப்படிப் போட்டாலும் 117 கிராம். காற்றாலையும் சோலாரும் கூடும், கூடட்டும். ஆனால் வீட்டில் வண்டிக்கு சார்ஜ் போடுவது ராத்திரியில். சோலார் தூங்கும் அந்த நேரத்தில் சுமையைப் பெரும்பாலும் தாங்குவது அனல் நிலையங்கள்.

இதை வைத்து நான் பெட்ரோல் பங்க்குக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். சென்னைச் சிக்னலில் நிற்கும் குழந்தையின் நுரையீரலுக்கு மின்வண்டி நல்லது. எம்ஜி காமெட் என்ற சின்ன மின்காரின் பாட்டரி 17.3 யூனிட், சக்தி 42 குதிரைத்திறன். 175 கிலோமீட்டர் ஓடினால் நெய்வேலி மைலேஜ் பத்து. ஆறுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விதி பார்ப்பதே இல்லை. இரண்டுக்கும் அதே மூன்று மடங்கு மரியாதை.

அந்த வித்தியாசத்தைச் சுமப்பவர்களுக்கு முகவரி உண்டு. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல் மின் நிலையத்தில் பாய்லர் வெடித்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். 2023 ஜூலையில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். இருக்கலாம். பயிர் அப்போதுதான் நின்றது.

இந்த மின்சாரத்தில் மருத்துவமனை ஓடுகிறது, பள்ளிக்கூடம் ஓடுகிறது, உங்கள் கையிலிருக்கும் போனும் ஓடுகிறது. அதற்கு ஊரைக் கொடுத்தவர்களிடம் பதில் சொல்வதே கஷ்டம். 396 குதிரைகளுக்குத் தீனி போடத்தான் இன்னொரு வயலைக் கேட்கிறோம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. எடை கூடினால் வரம்பு தளரும் ஏற்பாட்டை நிறுத்துங்கள். மூன்றாக எண்ணும் சலுகை சின்ன வண்டிகளுக்கு மட்டும் இருக்கட்டும். மின்வண்டியின் கிராம் கணக்கில் சிமினியையும் சேருங்கள். ஷோரூமில் ஒட்டும் தாளில் 'புகை: இல்லை' என்ற இடத்தில் 'புகை: வேறு ஊரில்' என்றாவது எழுதுங்கள். அதற்கப்புறமும் 396 வேண்டும் என்றால் தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும். பச்சை இலையை மட்டும் உரித்துவிட்டுக் கொடுங்கள்.