வானத்துக் கம்பியும் எரிபொருள் வரிசையும்

2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், மட்டக்களப்பில் எரிபொருள் நிலையமொன்றின் முன் மோட்டார் சைக்கிளுடன் காத்திருந்த பலருள் நானும் ஒருவன். அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே இனி எரிபொருள் என்று அரசாங்கம் 27ஆம் திகதி அறிவித்ததும் அந்த வரிசையும் வீணாயிற்று. அப்போது என் நினைவுக்கு வந்தது, நான் பிறக்கும் முன்பே மறைந்துவிட்ட கொழும்பின் ட்றொலி பஸ்.

1899இல் கொழும்பில் மின்சார ட்றாம் ஓடத் தொடங்கியது. 1953இல் மாநகர சபை ட்றொலி பஸ்ஸைக் கொண்டுவந்தது. 1960இல் ட்றாம் நின்றது. 1964இல் ட்றொலி பஸ்ஸும் நின்றது. அதன்பின் நம் நகரப் பேருந்துகள் முற்றாக இறக்குமதி எண்ணெயை நம்பின.

ட்றாமுக்கு மேலே ஒரு கம்பி போதும். மின்சாரம் தண்டவாளத்தின் வழியே திரும்பிவிடும். இறப்பர் சக்கரத்தில் ஓடும் பஸ்ஸுக்கோ இரண்டு கம்பிகள் வேண்டும். 1882இல் பேர்லினில் சீமன்ஸ் ஓட்டிக் காட்டிய வண்டியில், கம்பிகளின் மேல் ஒரு சிறு தள்ளுவண்டி உருண்டது. 1901இல் மக்ஸ் ஷீமான், சுருள்வில் கொண்ட தண்டுகளைக் கீழிருந்து கம்பியில் அழுத்தவைத்தார். பிற்காலத்தில் தண்டின் நுனியில் உருளைக்குப் பதிலாக, கம்பியின் தேய்மானத்தைக் குறைக்கும் கரித்துண்டு பொருத்தப்பட்டது.

கம்பியை விட்டு விலக முடியாது என்பதே இவ்வண்டிமீது சொல்லப்பட்ட பெருங்குறை. இன்று அது தீர்ந்துவிட்டது. கம்பியின் கீழ் ஓடும்போதே மின்கலம் நிரம்புகிறது. பின்னர் கம்பியில்லாத தெருக்களிலும் வண்டி செல்கிறது. 1972இல் ட்றொலி பஸ்ஸைக் கைவிட்ட பிராக் நகரம் 2017இல் இம்முறையிலேயே அதை மீட்டெடுத்தது.

வாவிக்கும் கடலுக்கும் இடையே காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று ஊர்கள் கோத்தாற்போல் தொடரும் நமது கல்முனை வீதியைப் பாருங்கள். மேடுபள்ளமற்ற ஒரே வீதி, வழிநெடுக மக்கள். இத்தகைய வீதியிலேயே கம்பிக்குச் செலவிடும் பணம் பயன்தரும்.

மின்சாரமும் தடைப்பட்டதே என்று கேட்பீர்கள். உண்மைதான், 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை இருளில் இருந்தோம். ஆனால் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் மின்சாரம் மிகுந்துவிட்டதென்று கூரைச் சூரியகலங்களை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை வேண்டியதையும் மறக்கலாகாது. மிஞ்சும் வெயிலை வாங்கிக்கொள்ள ஆளில்லை என்பதே அதன் பொருள்.

உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். 1978 நவம்பரில் வீசிய சூறாவளி கம்பங்களுக்கு என்ன செய்தது என்பதையும் இவ்வூர் அறியும். ஆகவே நாளையே கம்பி கட்டுங்கள் என நான் சொல்லவில்லை. புதிய டீசல் பஸ்களுக்குக் கேள்விப்பத்திரம் கோருமுன், இவ்வீதிக்கு ஒரு முறையான ஆய்வைச் செய்யுங்கள் என்றே கேட்கிறேன். அடுத்த வரிசை உருவாகும் வரை காத்திருப்பது அறிவுடைமை ஆகாது.