கோரிக்கைப் பட்டியல் தேவை மதிப்பீடு ஆகாது

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம், பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்குமான திட்டங்களை ஊராட்சிகளே தீட்டுவதற்கு வழிவகுத்து, பதினோராம் அட்டவணையில் 29 துறைகளையும் வரையறுத்தது. அதன் தொடர்ச்சியாக இன்று ஆண்டுதோறும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கப்படுகிறது. ஆனால் அதற்கு அடித்தளமாக அமைய வேண்டிய தேவை மதிப்பீடு, அதாவது ஓர் ஊரில் யாருக்கு எது, எந்த அளவுக்குக் குறைகிறது என்பதை முறைப்படி கண்டறிந்து முன்னுரிமை வகுக்கும் பணி, பல ஊராட்சிகளில் பெயரளவுக்கே நடைபெறுகிறது. இந்நிலை மாற வேண்டுமெனில், மதிப்பீடு இல்லாத திட்டத்துக்கு ஒப்புதல் இல்லை என்ற விதியைத் தமிழக அரசு கொண்டுவர வேண்டும்.

ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்களை 2022இல் ஆறாக உயர்த்தியது வரவேற்கத்தக்கது. எனினும் சில மணி நேரக் கூட்டத்தில் எழும் குரல்களைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவதே மதிப்பீடு எனக் கொள்வது பிழை. பிரிட்டிஷ் சமூகக் கொள்கை அறிஞர் ஜொனாதன் பிராட்ஷா 1972இல் தேவைகளை நான்காக வகைப்படுத்தினார். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் என்பதுபோல வல்லுநர்கள் வகுக்கும் அளவுகோலுக்குக் குறைவாக இருப்பது நெறிசார் தேவை. மக்கள் தம் மனத்தளவில் குறையென உணர்வது உணரப்பட்ட தேவை. மனுவாகவோ பேச்சாகவோ வெளிவருவது வெளிப்படுத்தப்பட்ட தேவை. ஒத்த நிலையிலுள்ள பக்கத்துக் குடியிருப்புக்குக் கிடைத்தது தமக்குக் கிடைக்காமலிருப்பது ஒப்பீட்டுத் தேவை. இவற்றுள் கிராம சபையின் காதுக்கு எட்டுவது பெரும்பாலும் மூன்றாவது வகை மட்டுமே. சிமென்ட் சாலையும் தெருவிளக்கும் எளிதில் தீர்மானமாகின்றன. படுக்கையில் கிடக்கும் முதியவரின் பராமரிப்போ, கழிப்பறையில் தண்ணீர் இல்லாததால் பள்ளிக்கு வராமல் நின்றுவிடும் மாணவியின் இடரோ பேசப்படாமலேயே கூட்டம் முடிந்துவிடுகிறது.

அதிகாரிகளின் நேரடிப் பார்வையாலும் இக்குறை முழுமையாக நீங்குவதில்லை. ஊரக ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்ட நூலில், வெளியிலிருந்து வருவோர் தார்ச்சாலையை ஒட்டிய பகுதிகளையும், ஊர்ப் பெரியவர்களையும், மழையற்ற மாதங்களையும் மட்டுமே காண்பதால், வறியோரின் நிலை அவர்கள் கண்ணில் படாமல் போகிறது என்று விளக்கினார். ஊர்க்கோடியிலுள்ள ஆதிதிராவிடர் காலனி, ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் குடும்பங்கள், மழை தொடங்கியதும் பாதை துண்டிக்கப்படும் மலைக் கிராமம் ஆகியவற்றுக்கு அந்த விளக்கம் இன்றும் பொருந்தும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு பெயர்ந்து செல்வோர், கிராம சபை கூடும் நாளில் ஊரிலேயே இருப்பதில்லை.

புள்ளிவிவரங்கள் ஏற்கெனவே கைவசம் உள்ளன என்பது மதிப்பீட்டைக் கட்டாயமாக்குவதற்கு எதிராக முன்வைக்கப்படும் முதல் வாதம். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011ஆம் ஆண்டின் எண்களையே நீண்டகாலம் நம்பியிருக்க நேர்ந்தது என்பதே அதற்குப் போதிய மறுமொழி. பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குப் பரிந்துரைத்த ஊராட்சி மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என வரையறுக்கப்பட்டுவிட்டதால், உள்ளூரில் தீர்மானிக்க எஞ்சியிருப்பது குறைவு என்பது இரண்டாவது வாதம். எந்தக் குக்கிராமத்துக்கு முதலில் குழாய் பதிப்பது என்ற கேள்விக்கு டெல்லியோ சென்னையோ விடை கூற முடியாது என்பதால், வரையறுக்கப்பட்ட நிதிக்கும் மதிப்பீடு அவசியமாகிறது.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவும் அன்று. 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கிய கேரளம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியதோடு நில்லாமல், கிராம சபைகளில் திரட்டிய கருத்துகளையும் உள்ளூர்த் தரவுகளையும் இணைத்து ஒவ்வோர் ஊராட்சியையும் வளர்ச்சி அறிக்கை எழுதவைத்தது. தமிழகத்திலேயே 2005இல் தொடங்கிய புது வாழ்வுத் திட்டத்தில், ஏழைக் குடும்பங்களை ஊர் மக்களே அடையாளங்கண்டு கிராம சபையில் இறுதிசெய்யும் மக்கள் நிலை ஆய்வு கையாளப்பட்டது. அந்த அனுபவத்தை ஒரு திட்டத்தோடு முடித்துக்கொள்ளாமல், ஊராட்சி நிர்வாகத்தின் நிலையான பகுதியாக்குவதே அறிவுடைமை.

ஆகவே அரசு செய்ய வேண்டியவை மூன்று. குடியிருப்பு வாரியாக, மகளிர் சுய உதவிக் குழுக்களின் துணையோடு, மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் மதிப்பீடு நடத்தப்பட வேண்டும். அதன் முடிவுகள் கிராம சபை கூடுவதற்கு முன்பே ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்பட வேண்டும். முதலிடம் பெற்ற தேவை ஒன்று திட்டத்தில் விடுபட்டால், அதற்கான காரணம் எழுத்துமூலம் கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். 2016 முதல் 2019 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இன்றி ஊராட்சிகள் நடத்தப்பட்ட மாநிலத்தில், மக்களின் தேவையை மக்களிடமே கேட்டறியும் கடமையைச் சட்டவிதியாக்குவது இனியும் தள்ளிப்போடத் தக்கதன்று.