கரும்பலகைக்கு முன்னே கணிப்பொறியா?

1984-ல் மைய அரசு ‘கிளாஸ்’ என்றொரு திட்டம் தொடங்கியது. சுமார் 250 பள்ளிகளுக்குப் பிரிட்டனின் பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகள் வந்து இறங்கின. 1987-ல் அதே மைய அரசு ‘கரும்பலகைத் திட்டம்’ கொண்டுவந்தது. எதற்கு? ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், ஒரு கரும்பலகை வேண்டுமென்று! கூரையேறிக் கோழி பிடிக்க முடியாதவன் வானமேறி வைகுண்டம் போன கதைதான்!

பின்னராவது நிலை மாறிற்றா? 2023-24-ஆம் ஆண்டுக்கான அரசின் கணக்குப்படியே, இயங்கும் கணிப்பொறி உள்ள பள்ளிகள் நூற்றுக்கு 57 தான். எஞ்சியவற்றில் படிப்பவர்கள் யார்? சீமான் வீட்டுப் பிள்ளைகளா?

கணிப்பொறி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அது ஏழையின் பிள்ளைக்கும் உரியது என்கிறோம். ஆனால் சொல்லித்தர ஆசிரியர் இல்லாவிட்டால், அது பூட்டிய அறையில் தூசி படியும் வெறும் பெட்டி.

இதை மும்பையில் ஏன் பேசுகிறோம்? இங்கே மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளிகளில் படிப்பவர்கள் நம் உழைப்பாளிகளின் பிள்ளைகள். தோழர்களே, பள்ளிக்குச் செல்லுங்கள்! ‘கணிப்பொறி இருக்கிறதா?’ என்பதோடு நிறுத்தாதீர்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் நம் பிள்ளையின் விரல் அதில் படுகிறது? சொல்லித்தருபவர் யார்? தமிழில் தட்டெழுதக் கற்பிக்கிறார்களா? பதில் வரும்வரை கேளுங்கள்!