தலைவலியும் கழுத்தும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்தவர்களுக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. தலையில் தோன்றும் வலிக்குப் பல சமயங்களில் வேர் தலையில் இருப்பதில்லை. தலையைச் சுமக்கும் கழுத்திலும் தோளிலும் இருக்கிறது.

நெற்றியைச் சுற்றி ஈரத்துணியை முறுக்கிக் கட்டியதுபோல் இருபுறமும் இறுக்கும் வலியை டாக்டர்கள் 'டென்ஷன்' தலைவலி என்கிறார்கள். இது ஒற்றைத் தலைவலியைப்போல் விண்விண்ணென்று தெறிப்பதில்லை. அரை மணியில் தீர்ந்தாலும் தீரும். ஏழு நாள் நீடித்தாலும் நீடிக்கும்.

கழுத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் மூன்று நரம்புகளும் முகத்திலிருந்து வரும் நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில்தான் செய்தி சேர்க்கின்றன. ஆகவே பிடரியிலிருந்து வந்த கடிதத்தை நெற்றியிலிருந்து வந்ததாக மூளை வாசித்துவிடுகிறது. நாமும் நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்!

மனிதனுடைய தலையின் எடை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்தின்மீது விழும் பாரம் சுமார் 27 கிலோவுக்குச் சமானம் என்று நியூயார்க் ரண வைத்தியர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் ஒரு கணித மாதிரியைக் கொண்டு கணக்கிட்டார். கைபேசியைக் குனிந்து பார்ப்பவர்கள் ஓர் அரிசி மூட்டையைப் பிடரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்குக் கை வைத்தியம் நல்லதுதான். மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்கும் பள்ளத்தில், முதுகெலும்புக்கு இருபுறமும், விரல் நுனிகளால் ஒரு நிமிஷம் இதமாக அழுத்திப் பிடித்தால் தசை இளகும். தோள் சதையையும் இவ்வாறே பிடித்துவிடலாம். அடிக்கடி வருகிற வலிக்குப் பிஸியோதெரபிஸ்டிடம் போவது உத்தமம். ஆனால் பிடித்துவிட்ட கை எடுபட்டதும் பழையபடி குனிந்து உட்கார்ந்தால், பட்ட பிரயாசை வீண்தான். மோவாயைப் பின்னுக்கு இழுத்து ஐந்து விநாடி நிறுத்தும் அப்பியாசத்தைப் பத்து முறை செய்யலாம். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும். நிமிர்ந்து உட்காருவதென்றால் நாள் முழுவதும் சிலையாக இருப்பதென்று அர்த்தமல்ல. எந்த நிலையிலும் அசையாதிருப்பதே கெடுதல்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. முடி திருத்தும் கடைகளில் வேலை முடிந்ததும் தலையை வெடுக்கென்று திருப்பிச் 'சொடக்கு' எடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. காசு கேட்காத உபகாரந்தான். ஆனால் வேண்டவே வேண்டாம். கழுத்தெலும்புகள் ஏழில் மேலுள்ள ஆறின் துவாரங்கள் வழியாக மூளைக்கு இரத்தக் குழாய்கள் செல்கின்றன. திடீர் முறுக்கலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து, இரத்தம் உறைந்து, பக்கவாதம் உண்டாகலாம். இது அபூர்வமே, என்றாலும் நேர்ந்தவருக்கு அபூர்வம் என்பதில் ஆறுதல் ஏது? அழகு நிலையத்தில் தலை அலசுவதற்காகக் கழுத்தைப் பின்னுக்கு மடக்கியபின் மூளை பாதிப்பின் அறிகுறிகள் கண்ட ஐந்து பெண்களைப் பற்றி, அமெரிக்க டாக்டர் வைன்ட்ராப் 1993-லேயே எழுதியிருக்கிறார்.

மாத்திரையிலும் நிதானம் வேண்டும். மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் வலி மாத்திரை விழுங்கி வந்தால், சில மாதங்களில் அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடக்கூடும்.

திடீரென்று இடி விழுந்தாற்போல் வரும் வலி, ஜுரத்துடன் கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, தலையில் அடிபட்டபின் வரும் வலி, 50 வயதுக்குமேல் முதன்முதலாகத் தோன்றும் வலி — இவற்றில் எது கண்டாலும் தைலமும் வேண்டாம், பிடித்துவிடுதலும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மற்றத் தலைவலிகளுக்கு வீட்டிலுள்ள அன்பான விரல்களும், அவ்வப்போது நிமிரும் கழுத்துமே பெரும்பாலும் போதும்.