கைநூல் சால்வையும் பெரியம்மையும்

மூணு மாசமா பின்னின சால்வையைப் போன வாரம் பெரியம்மைக்குப் போர்த்தி விட்டேன். அரை நிமிஷம்தான் தோள்ல கிடந்தது. "என்னத்துக்கு மக்கா இந்த முரட்டுத்துணி? லேஸா பின்னியிருந்தா கொள்ளாம்லா"ன்னு எடுத்து மடியில வச்சுட்டாங்க. எனக்கு வந்ததே கோபம்!

லேஸ் பெருமை எங்க ஊருக்கு ரொம்பப் பழசுங்க. 1819ல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பள்ளிக்கூடப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை. ஆனா அது திண்டு மேல குண்டூசி குத்தி, சின்ன மரக்கட்டைகள்ல சுத்தின நூலை மாத்தி மாத்திப் போட்டுச் செய்யறது. நூல் ஒரே சீரா இருக்கணும்.

நான் ராட்டையில நூற்ற பருத்தி அப்படியா இருக்கும்? ஒரு இடம் தடி, ஒரு இடம் மெலிசு. முதல்ல நானும் ஆசைப்பட்டு லேஸ் டிசைன்தான் போட்டேன். ஓட்டை எது, நூல் மெலிஞ்ச இடம் எதுன்னே தெரியல. பருத்திக்குக் கம்பளி மாதிரி இழுத்தா திரும்புற குணமும் இல்லையா, பாரத்துல தொங்கிப்போச்சு. அவிழ்த்துட்டேன். அப்புறம் ரெண்டு இழையைச் சேர்த்து முறுக்கினேன் (ஒண்ணு மெலிஞ்சா மற்றது தாங்கும்). மாதிரிக்கு ஒரு சாண் பின்னி, துவைச்சு, காயவச்சு அளந்த பிறகுதான் கண்ணிக் கணக்கு. தடி ஊசி, வெறும் நேர் பின்னல். டிசைனை முன்னாடியே வரைஞ்சு வச்சுக்கிட்டு கைநூலை அதுக்குள்ள திணிக்காதீங்க. அதுக்கு மில் நூலே வாங்கிக்கலாம்.

இதையெல்லாம் பெரியம்மைகிட்ட வாதாடினேன். கேட்டுட்டு மெதுவா சொன்னாங்க: "நமக்கு முரட்டுத்துணி போதும்னு ராஜா உத்தரவு போட்டானாம். எங்க பாட்டிக்கு அவ பாட்டி சொன்னது."

தோள்சீலைப் போராட்டம். 1859 ஜூலை 26, திருவிதாங்கூர் அறிவிப்பு. நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், முரட்டுத்துணியைச் சுத்திக் கட்டலாம். மேல்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் உடுத்தக்கூடாது. எனக்கு அது எங்கேயோ படிச்ச தேதி. முரடுன்னா எனக்கு அழகு, கதர், ரசனை. அவங்களுக்கு, இவ்வளவுதான் உனக்குன்னு அளந்து கொடுத்தது.

என் கட்சியை நான் விடல. கைநூலுக்கு நேர் பின்னல்தான். ஆனா பெரியம்மைக்குக் கைநூல் வேண்டாம். வழவழன்னு வெள்ளை மில் நூல் அஞ்சு உருண்டை வாங்கியாச்சு. ஓரத்துல இலை போடணுமாம், உத்தரவு ஆகியிருக்கு :-)

முரட்டுச் சால்வை இப்போ என் தோள்ல. ஆரல்வாய்மொழிக் காத்துக்கு நல்லாவே தாங்குது.