கூடத்தில் கழியும் விடுமுறை

விடுமுறைக்குத் தஞ்சாவூரில் இருக்கும் நண்பர் வீட்டுக்குக் குடும்பத்தோடு போகிறீர்கள். போய் இறங்கியதும் காபி, பலகாரம். அப்புறம் கூடத்தில் உட்கார்ந்து வேலை, வீட்டுக் கடன், யார் பிள்ளைக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு வரை பேச்சு ஓயாது. பிள்ளைகள் நச்சரிக்காமலிருக்க ஆளுக்கொரு செல்போன். வெயில் தாழ்ந்த பிறகு யாருக்கோ உறைக்கிறது. அவசர அவசரமாகப் பெரிய கோயில், நந்தி முன்னால் ஒரு போட்டோ, ஊருக்குக் கிளம்பியாயிற்று. இதைப் போய்ப் பிள்ளைகளுக்கு ஊர் காட்டினோம் என்கிறோமே, நியாயமா?

கோயிலுக்குக் காலையிலேயே போங்கள். பத்து மணிக்கு மேல் அந்தத் தரையில் குழந்தை கால் வைக்க முடியாது. 1010இல் ராஜராஜன் கட்டி முடித்தான் என்று ஒப்பித்துவிட்டு நகராதீர்கள். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றிலும் கல்வெட்டு. பிள்ளையை அதன் எதிரே நிறுத்தி, தெரிந்த எழுத்து ஏதாவது இருக்கிறதா பார் என்று சொல்லுங்கள். ஆயிரம் வருஷத்து எழுத்துதான். ஆனால் 'ட'வும் 'ப'வும் 'ம'வும் கண்ணில் பட்டுவிடும். கோயில் பணிக்கென்று பல ஊர்களிலிருந்து வரவழைத்த 400 ஆடல் மகளிரின் பெயரும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும்கூட இந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் உண்டு. மன்னன் பெயரைவிட அந்த வீட்டு எண்தான் ஒரு குழந்தையைப் பிடித்து நிறுத்தும். இன்னொன்று: விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதையைத் தயவுசெய்து சொல்லிக் கொடுக்காதீர்கள். நிழல் நன்றாகவே விழுகிறது. பிள்ளையே போய் அதில் நின்று பார்க்கட்டும். கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கவிடாமல் கேட்டதை நம்பச் சொல்வது நாம் செய்யும் பெரிய தவறு.

கோயிலோடு ஊர் முடிந்துவிடவில்லை. வீணை செய்பவர்கள் இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். நண்பர் மூலம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போங்கள். பலா மரத்தைக் குடைந்து குடமாக்குவதையும் யாளி முகத்தை உளியால் செதுக்குவதையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். தண்டியின் மேல் கரி கலந்த மெழுகைப் பரப்பி, அதில் 24 மெட்டுகளைப் பதிக்கிறார்கள். ஒவ்வொன்றாக வைத்து, தந்தியைச் சுண்டிக் கேட்டு, ஒரு மயிரிழை தள்ளி, மறுபடி சுண்டிக் கேட்கிறார் வீணை செய்பவர். கேள்வி கேட்காத பிள்ளைகூட அங்கே வாய் திறக்கும். அப்போது "நேரமாச்சு, வா" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். சரஸ்வதி மகால் நூலகமோ அரண்மனையோ விட்டுப்போனாலும் பரவாயில்லை. ஒரே நாளில் ஒன்பது கோயில் என்று காரிலேயே பிள்ளைகளை அடைத்து வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மதியச் சாப்பாட்டு விஷயம் வேறு. நீங்கள் வருகிறீர்கள் என்று நண்பரின் மனைவி விடிந்ததிலிருந்து அடுப்படியிலேயே நிற்கிறார். அவரைப் பார்க்கவும்தானே போனீர்கள்? முந்தின நாளே போன் செய்து, "புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கலாம், நீங்களும் எங்களோடு வாங்க" என்று சொல்லிவிடுங்கள். புளியோதரையை நீங்களே கிளறி எடுத்துப் போனால் இன்னும் நல்லது. விருந்து என்ற பெயரில் ஒருவரை வீட்டில் விட்டுவிட்டு மற்றவர்கள் ஊர் சுற்றுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வெயில் இறங்கியதும் திருவையாறு கிளம்புங்கள். கிட்டத்தான். வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஒவ்வொரு பாலத்திலும் பெயரைப் பிள்ளைகளே சொல்லிக்கொண்டு வரட்டும். இத்தனை ஆறு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கல்லணையில் காவிரியிலிருந்து வெண்ணாறு பிரிவதையும், அது மேலும் கிளைத்து வயலுக்கு வயல் போவதையும் அங்கேயே சொல்லிவிடலாம். தண்ணீர் குறைவாக ஓடும் நாளில் புஷ்ய மண்டபப் படித்துறையில் கால் நனைக்கலாம். கோடையில் மணலில் ஓடி விளையாடலாம். நீர் நிறைய வரும்போது மட்டும் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பக்கத்திலேயே தியாகராஜர் சமாதி. பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பினார். ஆராதனையில் பெண்களைப் பாடவிடாத காலத்தில் அதை எதிர்த்து நின்றவரும் அவர்தான். பெண் குழந்தைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கிளம்பும்போது கடைத்தெருவில் சூடாக அசோகா அல்வா வாங்கிக் கொடுங்கள்.

"எங்கள் பிள்ளைக்கு இதெல்லாம் பிடிக்காது" என்பீர்கள். நண்பரின் மகனையோ மகளையோ முன்னால் நடக்கவிட்டுப் பாருங்கள். தன் ஊரைத் தன் வயதுப் பிள்ளைக்குக் காட்டுவதில் அதற்கு ஒரு பெருமை வரும். நாம் சொன்னால் கேட்காதவன் அந்தப் பிள்ளை கூப்பிட்டால் ஓடுவான். அப்போது நாம் செய்ய வேண்டியது பின்னால் நடந்து வருவது மட்டும்தான், நம் செல்போனையும் பைக்குள் போட்டுவிட்டு. அடுத்த முறை அவர்கள் உங்கள் ஊருக்கு வருவார்கள். என்ன காட்டப் போகிறாய் என்று உங்கள் பிள்ளையிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.